முன் இடது சக்கரம்

ககாயா ஃபுமியெ வீட்டைப் பூட்டினால் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாள். நாலு எட்டு நடந்தபின் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பாள். முட்டை வாங்கினால் கடையிலேயே டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்ப்பாள். வானொலியில் இன்று வெயில் என்று சொன்னால் குடையை எடுத்துக்கொள்வாள். அப்படிச் சொன்னவனுக்கு என்ன, அவன் கட்டடத்துக்குள் உட்கார்ந்திருக்கிறான்!

இந்தக் குணத்துக்கு ஊர் சிரித்தது. ஆனால் ஊரில் பள்ளிக்கூடம் போகிற அத்தனை பிள்ளைகளும் அவள் கையால்தான் சாப்பிட்டார்கள். பள்ளிகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்பும் கூடத்தில் அவளுக்கு வேலை. அங்கே சந்தேகம் குணக்கேடு இல்லை, தகுதி. பிள்ளைகளின் தட்டுக்குப் போகும் முன்னால் தலைமையாசிரியர் ஒருவாய் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. அவருக்குப் போகும் முன்னால் ஃபுமியெ ஒருவாய் சாப்பிட்டுவிடுவாள். விதியில் இல்லாத வாய் அது. அவள் சமைத்த சூப்பைக் குடித்து ஒரு பிள்ளைக்கும் வயிறு வலித்ததில்லை.

சந்தேகம் அவளுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. அந்தக் காலத்தில் ஜப்பானின் வடக்கே அவள் ஊர் இருக்கிற அகிதாவில் அறுப்பு முடிந்ததும் ஆண்கள் டோக்கியோ பக்கம் கட்டட வேலைக்குப் போவார்கள், பனி உருகும்போது திரும்புவார்கள். அவள் கணவன் தெட்சுயாவும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தான். கிளம்பும் முன் காருக்குக் கோடைச் சக்கரங்களைக் கழற்றிப் பனிச் சக்கரங்களை மாட்டிவிட்டுப் போவான். ஒரு வருஷம் பனி உருகியது, அவன் வரவில்லை. டோக்கியோ பக்கத்துக் கவாசாகியில் அவனுக்கு இன்னொரு குடும்பம் முளைத்திருந்தது. அடுத்த குளிர்காலம் வந்தபோது சக்கரம் மாட்ட ஆள் இல்லை. பெட்ரோல் பங்கில் கொடுத்து மாட்டினாள். மகள் சினாட்சு பின்சீட்டில் உட்கார்ந்திருக்க, இறக்கத்தில் கார் போய்க்கொண்டிருந்தபோது பக்கவாட்டில் ஒரு சக்கரம் காரை முந்திக்கொண்டு ஓடியது. “அம்மா, சக்கரம் ஓடுது!” என்று குழந்தை கை தட்டியது. அது தன் சக்கரம்தான் என்று ஃபுமியெவுக்குப் புரிவதற்குள் கார் பனிமேட்டில் சொருகி நின்றது. யாருக்கும் காயமில்லை. ஆனால் தன் சக்கரமே தன்னை முந்திப் போவதைப் பார்த்த ஒருத்தியிடம் யாரையாவது நம்பு என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்?

அதற்குப் பிறகு அவள் சக்கரத்தை அவளேதான் மாட்டினாள். சிலுவை மாதிரி இருக்கும் ஸ்பேனரை நட்டில் மாட்டி, அதன் மேல் ஏறி நின்று மிதித்து இறுக்குவாள். இந்த வருஷம் அது முடியவில்லை. வலது தோள் பிடித்துக்கொண்டது. கை காதுக்கு மேல் எழும்பவில்லை.

பார்த்து இந்த வருஷம்தானா தோள் பிடிக்க வேண்டும்! சினாட்சுவுக்குத் தலைப்பிரசவம். ஊர் வழக்கப்படி தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரி கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மருமகன் ஆரஞ்சு விளைகிற தெற்குக் கடற்கரைக்காரன், பனியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அழகாக இருக்கிறது என்று சொல்கிற ஜாதி. ஆக, வலி எடுத்தால் அந்த வளைவுகளில் காரை ஓட்டிக்கொண்டு போக வேண்டியவள் ஃபுமியெதான். வயிற்றுப் பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு போகும்போது ஒரு நட்டு, ஒரே ஒரு நட்டு, தளர்ந்தால்?

அதனால்தான் அவள் பேட்டரியில் ஓடி நட்டைத் தானே முடுக்கும் இம்பாக்ட் ரெஞ்ச் வாங்கக் கிளம்பினாள்.

புறவழிச் சாலையில் இருக்கும் பெரிய வன்பொருள் கடையில் அந்த வாரம் நுழைய இடமில்லை. மலை உச்சி வெளுத்துவிட்டது, ஊரே சக்கரம் மாற்றுகிறது. இம்பாக்ட் ரெஞ்சுகள் ஒரு சுவர் முழுக்கத் துப்பாக்கி மாதிரி தொங்கின. தோகாஷி என்று சட்டையில் பெயர் குத்திய, மூக்குக் கண்ணாடி போட்ட நடுவயதுக்காரர் ஒருவர் வந்தார்.

“சின்ன காரா மேடம்? அப்போ இந்த நடுத்தரம் போதும். லேசா இருக்கும், தோளுக்கு நல்லது. இறுக்கும்போது தானாவே நின்னுடும்.”

“தானாவா? எப்ப நிக்கணும்னு அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

“உள்ள ஒரு சர்க்யூட் இருக்கு மேடம்.”

“அது தப்பா சொன்னா?”

தோகாஷி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “அதுக்குத்தான் கடைசி இறுக்கு மெஷின்ல பண்ணக் கூடாதுன்னு சொல்றோம். கையில இந்த டார்க் ரெஞ்ச்சால பண்ணணும். பாருங்க, போதும்ங்கற இடம் வந்ததும் ‘கிளிக்’னு சத்தம் குடுக்கும். அதோட விட்டுடணும்.”

ஃபுமியெ அவரை மேலும் கீழும் பார்த்தாள். வந்தது ஒன்று வாங்க, இவன் இரண்டு விற்கப் பார்க்கிறான். நடுத்தரத்தின் பெட்டியைத் திருப்பினாள். அவள் சந்தேகப்பட்டது சரிதான்: உடம்பு மட்டும்தான் பெட்டிக்குள், பேட்டரி தனி, சார்ஜர் தனி என்று கீழே எறும்பு மாதிரி எழுதியிருந்தது.

“இதை முதல்ல சொல்லலையே நீங்க?”

“சொல்ல வந்தேன் மேடம். இதே பேட்டரி புல்வெட்டிக்கும் போடலாம், காத்து ஊதற மெஷினுக்கும் போடலாம்...”

“இன்னைக்கு ரெஞ்ச், நாளைக்குப் புல்வெட்டி, நாளன்னைக்கு ஊதுகுழல். நல்லா இருக்கு உங்க கணக்கு.”

அவள் கண் சுவரின் கடைசியில் தொங்கிய பெரியதன் மேல் போனது. கறுப்பு உடம்பு, மற்றவற்றைவிடத் தடித்த மூக்கு. இறுக்கும் பலம் எவ்வளவு என்று பெட்டியில் போட்டிருந்த எண்தான் அந்தச் சுவரிலேயே பெரியது. பேட்டரியும் சார்ஜரும் உள்ளேயே இருந்தன.

“அது லாரிக்கு மேடம்,” என்றார் தோகாஷி. குரலில் உண்மையான கவலை இருந்தது. “உங்க காருக்கு அவ்ளோ வேண்டாம்.”

வாங்க வந்தவளிடம் வேண்டாம் என்று ஒரு விற்பனைக்காரன் சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது. நடுத்தரம் தேங்கிப்போயிருக்கும், தள்ளிவிடப் பார்க்கிறான். ஃபுமியெ பெரியதை எடுத்துக்கொண்டாள். கிளிக் போடும் சாமானை வாங்கவில்லை. தோளுக்காக மெஷின் வாங்கப் போனவள் இருந்ததிலேயே கனமானதைத் தூக்கிக்கொண்டு, தோளைப் பிடித்தபடி வீடு வந்து சேர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காரை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரம் மாற்றினாள். மெஷின் நட்டில் உட்கார்ந்து ட்ரர்ரர் என்று அதிர்ந்தபோது அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், இத்தனை வருஷம் மிதித்து மிதித்து வராத நிம்மதி. நட்டு நின்ற பிறகும் விரலை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும், பிள்ளைக்காரி போகிற கார்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தலை எழுந்தது.

“ககாயா-சான், அவ்ளோ நேரம் அடிக்க வேணாம்.”

பக்கத்து வீட்டுக் கொமட்சுதா. நகராட்சியில் பனி அள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், மாமெ என்கிற கிழட்டுச் சாம்பல் பூனையோடு தனியாக இருப்பவர். பனியை எங்கே தள்ளுவது என்பதில்தான் இந்தப் பக்கத்துச் சண்டைகளில் பாதி பிறக்கிறது, இவர்கள் சண்டையும் அங்கேதான் பிறந்தது. அவர் மெஷின் ஊதித் தள்ளும் பனி அவள் பக்கம் விழும், அவள் மண்வெட்டியால் வாரி அவர் பக்கமே எறிவாள். போன குளிர்காலத்தில் அவள் தெருச் சங்கத் தலைவரிடம் புகார் சொல்ல, கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கொமட்சுதா குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து தெருவில் சுற்றுக்கு வரும் அறிவிப்பு அட்டையைக்கூட மணி அடிக்காமல் வாசலில் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள்.

“சத்தம் தொந்தரவா இருந்தா ஜன்னலைச் சாத்திக்கோங்க, கொமட்சுதா-சான்.”

“சத்தம் இல்ல...”

“அப்புறம் என்ன?”

“ஒண்ணுமில்ல.” தலை இறங்கிவிட்டது.

முதல் பெரும்பனி விழுந்த மறுநாள் காலையில்தான் அவள் அதைப் பார்த்தாள். காரை நிறுத்தும் கூரைக்குக் கீழே காற்று அடித்துக்கொண்டுவந்து போட்ட மெல்லிய பனியில் காலடித் தடம். வேலி இடுக்கிலிருந்து வந்து, காரின் முன் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று, முழங்கால் ஊன்றி, திரும்பிப் போயிருந்தது. சக்கரத்துக்கு மேல் படிந்த பனியில் ஒரு கை துடைத்த அடையாளம்.

கூட்டத்தில் குனிய வைத்ததற்கு இவ்வளவு நாள் கழித்துப் பழிவாங்குகிறாரா? நட்டுகளைத் தொட்டுப் பார்த்தாள், இறுக்கமாகத்தான் இருந்தன. இருந்தாலும் மெஷினைக் கொண்டுவந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு ட்ரர்ரர் கொடுத்தாள்.

மறுநாளும் தடம் இருந்தது, அதற்கு மறுநாளும் இருந்தது. அவள் அடுப்பு பற்ற வைக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வந்து போனார். ஒருநாள் இரட்டை ஜன்னலைத் தாண்டி ‘டம், டம்’ என்று தகரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. கையில் கரண்டியோடு ஓடிப்போய்ப் பார்த்தால் தடம்தான் இருக்கிறது, ஆளைக் காணோம்.

“அம்மா, அந்தத் தாத்தா எதுக்கு நம்ம சக்கரத்தைக் கழட்டணும்?” என்றாள் சினாட்சு. போர்வை போட்ட சூட்டு மேஜைக்குள் காலை நீட்டிக்கொண்டு, புகையில் வாட்டிய முள்ளங்கி ஊறுகாயைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்குன்னு தெரிஞ்சா சந்தேகம் எதுக்குடி? போலீஸ்லயே சொல்லியிருப்பேன்.”

“போய் நேரா கேக்க வேண்டியதுதான?”

“கேட்டா இல்லம்பாரு. கையும் களவுமா பிடிக்கணும்.”

“நீங்க பிடிக்கறதுக்குள்ள உங்க பேத்தி காலேஜ் போயிடுவா.”

அன்றிலிருந்து ஃபுமியெ தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது முன் இடது சக்கரத்துக்கு மெஷின் போட்டாள். கொமட்சுதா தளர்த்துகிறார், தான் இறுக்குகிறோம். ஒவ்வொரு நாளும் தான்தான் ஜெயிக்கிறோம் என்று நினைத்தாள். நட்டு நகராமல் நிற்கும்போதும் விரலை அழுத்தி வைத்திருப்பாள். அந்தக் கார் வாய் இருந்தால் கதறியிருக்கும்.

சினாட்சுவுக்கு ஒரு காலைப்பொழுதில் பனிக்குடம் உடைந்தது. வெளியே பஞ்சு மாதிரி கனத்த பனி விழுந்துகொண்டிருந்தது. பயப்படாதே என்று மகளிடம் சொல்லிவிட்டு, தான் பயந்துகொண்டே, ஃபுமியெ பையைத் தூக்கிக்கொண்டு காரிடம் ஓடினாள்.

கொமட்சுதா அங்கேதான் இருந்தார். முன் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு, சக்கரத்துக்கு மேலே இருக்கும் இடுக்கில் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு.

“பிடிச்சேன்!” என்று கத்தினாள் ஃபுமியெ.

அவர் துள்ளி எழுந்தார். கை வெறுங்கையாக வந்தது. “இல்ல, ககாயா-சான், நான்...”

“என் மகளுக்கு வலி எடுத்திருக்கு. இன்னைக்குன்னு பாத்து...! நகருங்க!”

பதில் கேட்க நேரமில்லை. மெஷினை எடுத்து நட்டில் வைத்து அழுத்தினாள். ட்ரர்ரர் என்றது, டக் என்றது. நட்டு போல்ட்டின் துண்டோடு பனியில் விழுந்தது. ஒரு கணம் ஒன்றும் புரியாமல் அடுத்ததில் வைத்தாள். அதுவும் டக்.

நாலு போல்ட்டில் இரண்டு போயிற்று. அந்தச் சக்கரத்தில் கணவாய் ஏற முடியாது.

“அறுத்து வச்சிருக்கீங்க!” அவள் குரல் கிழிந்தது. “பனிச் சண்டைக்கு வயித்துப் பிள்ளையைக் கொல்லப் பாக்கறீங்களே, மனுஷனா நீங்க?”

கொமட்சுதா குனிந்து துண்டை எடுத்தார். கோபப்படவில்லை, அவள் கண்ணுக்கு நேரே நீட்டினார். “அறுத்தா பளபளன்னு நேரா இருக்கும். இது பாருங்க, இடுப்பு மாதிரி நடுவுல சிறுத்துப் போயிருக்கு. இழுத்து இழுத்து நீண்டு போய் அறுந்தது. தினமும் காலைல அந்த லாரி மெஷினைப் போட்டீங்களே. போதும்னு சொல்லத்தான் அன்னைக்கே வந்தேன்.”

ஃபுமியெ துண்டைப் பார்த்தாள். சிறுத்துத்தான் இருந்தது. சமையல் கூடத்தில் கத்தியின் முனை சிதறியிருக்கிறதா என்று தினம் பார்க்கிற கண்ணால் பொய் சொல்ல முடியவில்லை.

“அப்போ நீங்க தினமும் இங்க வந்து என்னதான் பண்ணுனீங்க?”

அவர் பதில் சொல்லும் முன் சக்கரத்துக்கு மேலேயிருந்து ஒரு சாம்பல் உருண்டை பொத்தென்று விழுந்தது. மாமெ. மெஷின் சத்தத்தில் வால் பிரஷ் மாதிரி சிலிர்த்திருந்தது. திறந்திருந்த வாசல் வழியாக ஃபுமியெ வீட்டுக்குள்ளேயே ஓடி மறைந்தது.

“நீங்க சாயங்காலம் வண்டிய நிறுத்துனா இஞ்சின் சூடா இருக்கும்,” என்றார் கொமட்சுதா பனியைப் பார்த்துக்கொண்டு. “அதுல போய்ப் படுத்துக்குது. அப்படியே ஸ்டார்ட் பண்ணிட்டீங்கன்னா அது முடிஞ்சுது. அதான் காலைல வந்து பானெட்டைத் தட்டி எழுப்பி, தூக்கிட்டுப் போவேன்.”

டம், டம். போகும்போது பூனை அவர் கையில் இருந்தது. வரும்போது அது வைத்த தடத்தை இரவுப் பனி மூடியிருந்தது.

“இதை வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?”

கொமட்சுதா கையுறையில் ஒட்டிய பனியைத் தட்டினார். தட்டி முடித்த பிறகும் தட்டினார்.

“சொன்னா நீங்க அதுக்கு ஏதாவது வச்சிடுவீங்களோன்னு...”

“என்ன வச்சிடுவேன்?”

“சாப்பாட்டுல. ஏதாவது.”

விஷம் என்கிறார். இந்த மனிதர் முதல் பனி விழுந்ததிலிருந்து, பக்கத்து வீட்டுக்காரி ஒரு கிழட்டுப் பூனைக்குச் சோற்றில் விஷம் வைப்பாள் என்று நம்பி, விடியலில் திருடன் மாதிரி வந்து போயிருக்கிறார். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிற கையைப் பார்த்து. தன்னைப் பார்த்து ஒருவர் இப்படி நினைக்க முடியுமா? சக்கரம் முந்திக்கொண்டு ஓடியபோதுகூட அவளுக்கு இப்படி வலிக்கவில்லை. நான் என்ன அப்படிப்பட்டவளா என்று கத்த வாயெடுத்தாள். அவரிடம் சற்று முன் தான் கத்தியதுதான் நாக்கில் நின்றது. அழுகை வந்தது.

“அம்மா!” சினாட்சு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. “பேசி முடிச்சாச்சா?”

“என் வண்டி இருக்கு,” என்றார் கொமட்சுதா. “அந்தக் கணவாயில பனி அள்ளியே என் ஆயுசு போச்சு. ஏறுங்க.”

நல்லவளானால் உடனே ஏறியிருப்பாள். ஃபுமியெ கொமட்சுதாவின் கார்ச் சக்கரங்களைத்தான் முதலில் பார்த்தாள். அவளால் முடியவில்லை, அது அவள் எலும்பில் இருந்தது. கொமட்சுதா பின்கதவைத் திறந்து ஒரு நீளமான கம்பியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அன்று கடையில் அவள் வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்த அதே சாமான்.

“நீங்களே பாருங்க.”

பிடித்துக்கொண்ட தோளோடு அவள் நட்டில் மாட்டி அழுத்தினாள். கிளிக். அடுத்தது. கிளிக்.

“அம்மா! பிள்ளை உங்க நட்டுக்காகக் காத்துட்டிருக்காது!”

மற்றச் சக்கரங்களைப் பார்க்காமலேயே அவள் ஏறினாள். அந்தச் சக்கரம் ஓடிய நாளுக்குப் பிறகு அவள் பார்க்காமல் விட்ட முதல் நட்டுகள் அவை.

கொமட்சுதா அலுங்காமல் ஓட்டினார். வளைவு வரும் முன்பே “இப்ப இடதுபக்கம் சாயும், மகளைப் பிடிச்சுக்கோங்க,” என்பார், அப்படியே சாயும். பாதி வழியில் ஃபுமியெ நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“கதவைப் பூட்டலை!”

“மாமெ உள்ள இருக்கில்ல. பாத்துக்கும்,” என்றார் கொமட்சுதா. வலியின் நடுவே சினாட்சு சிரித்துவிட்டாள், சிரித்ததற்காக அம்மாவின் கையை நசுக்கினாள்.

மதியத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. கொமட்சுதா வாகன நிறுத்தத்திலேயே இருந்து, காரின் மேல் விழுந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

பட்டறைக்காரர் வந்து பார்த்தபோது மிச்ச இரண்டு போல்ட்டும் நீண்டுதான் இருந்தன. மற்றச் சக்கரங்களையும் பார்த்துவிட்டு, “யாருங்க இப்படி இறுக்கினது?” என்று சிரித்தார். ஃபுமியெ வேலிப் பக்கம் பார்த்தாள். பிறகு, “நான்தான்,” என்றாள். கடைக்குப் போய்த் தோகாஷியிடம் அந்தக் கிளிக் சாமானைக் கேட்டு வாங்கினாள். அதையும் பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் வாங்கினாள், அது வேறு விஷயம்.

குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் விடியலில் அவள் வெளியே வந்தாள். கொமட்சுதா வேலி இடுக்கில் ஒரு காலை வைத்தபடி, வரலாமா கூடாதா என்று நின்றுகொண்டிருந்தார். ஃபுமியெ தானே போய் பானெட்டைத் தட்டினாள். டம், டம். கொஞ்ச நேரம் கழித்து மாமெ சோம்பல் முறித்துக்கொண்டு சக்கரத்தின் வழியாக இறங்கி வந்தது.

அவள் கையில் ஒரு சின்னத் தட்டு இருந்தது. வேகவைத்து முள் எடுத்த சால்மன். அதைப் பூனைக்கு முன்னால் வைக்கவில்லை. வேலியருகே போய் கொமட்சுதாவுக்கு முன்னால் நின்று, ஒரு துண்டைக் கிள்ளித் தன் வாயில் போட்டு, மென்று, அவர் பார்க்க விழுங்கினாள்.

“உப்பு போடலை,” என்றாள். “பூனைக்கு உப்பு ஆகாது.”

கொமட்சுதா கையுறையைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.